ஏழுமலைக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

இந்தத் தடவை மழை, கடலை, மாடு எதுவும் இல்லை. பேரைப் பத்தி எழுதப் போறேன். கம்ப்யூட்டர்ல பேர் தேடுறதைப் பத்தி. இது விவசாயிக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, இப்போ எங்களுக்குத்தான் இது ரொம்பத் தேவைப்படுது.

எங்க பொதட்டூர்பேட்டை பக்கம் தெருவுல நின்னு "ஏழுமலை"ன்னு சத்தமா கூப்பிட்டா நாலு பேராவது திரும்பிப் பார்ப்பாங்க. ஒரு பக்கம் திருப்பதி, இன்னொரு பக்கம் அதைவிடக் கிட்டத்துல திருத்தணி. அதனால ஏழுமலை, தணிகாசலம், தண்டபாணி எல்லாம் வீட்டுக்கு வீடு உண்டு. இந்த ஏழுமலையை இங்கிலீஷ்ல எழுதச் சொல்லிப் பாருங்க. ஒருத்தர் இ போட்டு அப்புறம் இசட்-எச் போடுவார். இன்னொருத்தர் இசட்-எச் எதுக்குன்னு எல் மட்டும் போடுவார். எங்க பக்கத்துப் பேச்சுல 'யேழுமலை'ன்னு வரும், அதனால மூணாவது ஆள் முன்னாடி ஒய் சேர்ப்பார். நாலாவது ஆள் ஒய்யும் போட்டு எல்லும் போடுவார். நாலும் சரிதான். இங்கிலீஷ்ல ழ கிடையாது, அதனால இதுல தப்புன்னு எதையும் சொல்ல முடியாது.

ஏழுமலைக்கு இதனால ஒரு கஷ்டமும் இருந்ததில்லை, எல்லாக் காகிதமும் ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிக்கிற வரைக்கும். பட்டாவுல பேர் தமிழ்ல இருக்கும். ஆதார்ல இங்கிலீஷ் ஒரு மாதிரி. பேங்க் பாஸ்புக்குல வேற மாதிரி. ஆதார்ல தமிழும் இருக்கேன்னு கேப்பீங்க. அது இங்கிலீஷ்ல அடிக்கும்போதே பக்கத்துல தானா வந்து விழுற தமிழ். பார்த்துத் திருத்துற ஆபரேட்டர் இருந்தா சரி. இல்லேன்னா பழனி 'பலனி' ஆயிடுவார், வள்ளி 'வல்லி' ஆயிடுவா.

2019 பிப்ரவரியில பிஎம் கிசான் வந்தது. வருஷத்துக்கு 6000 ரூபாய், மூணு தவணையா 2000, 2000. பதிவுல இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் ஒத்துப் போகலேன்னா தவணை நின்னுடும். அடுத்து 2025-ல விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிற வேலை தமிழ்நாட்டுல ஆரம்பிச்சது. நிலத்தையும் ஆதாரையும் சேர்த்து ஒரு நம்பர். இனிமே மானியம், பயிர்க் காப்பீடு எல்லாத்துக்கும் அதுதான் சாவின்னு சொல்றாங்க. ஆதாரும் பட்டாவும் ஒரே ஆளுதானான்னு அங்கேயும் கம்ப்யூட்டர் பேரைத்தான் ஒப்பிட்டுப் பார்க்குது. அதாவது ஒரு பேர் இன்னொரு பேர் மாதிரி இருக்கான்னு ஒரு மெஷின் மார்க் போடுது. அந்த மார்க்கை நம்பித்தான் எங்க நிலம் எங்க பேர்ல இருக்கு.

மெஷின் எப்படி மார்க் போடும்? என் அக்கா பொண்ணு சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில டேட்டாபேஸ் வேலை பார்க்குது. பொங்கலுக்கு வந்தப்போ கேட்டேன். "மாமா, ஸ்பெல்லிங் மாறினாலும் சத்தம் ஒண்ணா இருந்தா கண்டுபிடிக்கிறதுக்கு வழி இருக்கு. அதுல ரொம்பப் பழசு சவுண்டெக்ஸ். மைசீக்வெல், ஆரக்கிள் எல்லாத்துலயும் கூடவே வரும். பேனா, பேப்பர் இருந்தா நீங்களே போட்டுப் பார்க்கலாம்"னு சொல்லி விதியை எழுதிக் கொடுத்துட்டுப் போச்சு. நான் பத்தாவது வரைக்கும்தான். ஆனா இது கூட்டல் கழித்தலைவிடச் சுலபம். ஒரு பழைய நோட்டுல எங்க ஊர்ப் பேரெல்லாம் எழுதி ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன்.

விதி இதுதான். பேரோட முதல் இங்கிலீஷ் எழுத்தை அப்படியே வெச்சுக்கணும். அதுக்கப்புறம் வர்ற ஏ, இ, ஐ, ஓ, யூ, ஒய், எச், டபிள்யூ எல்லாத்தையும் விட்டுடணும். மத்த எழுத்துக்கு நம்பர். பி ரெண்டும், எஃப், வி இதுக்கெல்லாம் 1. சி, ஜி, ஜே, கே, க்யூ, எஸ், எக்ஸ், இசட் இதுக்கெல்லாம் 2. டி ரெண்டுக்கும் 3. எல்லுக்கு 4. எம், என் ரெண்டுக்கும் 5. ஆருக்கு 6. ஒரே நம்பர் பக்கத்துப் பக்கத்துல ஒட்டி வந்தா ஒண்ணுதான். மூணு நம்பர் வந்ததும் நிறுத்திடணும், குறைஞ்சா பூஜ்யம் போட்டு நிரப்பணும்.

'பி ரெண்டும்', 'டி ரெண்டும்'னு எழுதினேன் பாருங்க. பஸ்ஸுல வர்ற பி, பேப்பர்ல வர்ற பி ரெண்டையும் தமிழ்ல பிரிச்சு எழுத முடியாது. டாக்டர்ல வர்ற டி, டீக்கடையில வர்ற டி ரெண்டும் அப்படித்தான். நம்ம எழுத்துல ப ஒண்ணுதான், ட ஒண்ணுதான். அந்த விதியைப் போட்ட வெள்ளைக்காரரும் அதையேதான் பண்ணியிருக்கார். அவர் யோசிச்சு யோசிச்சு ஒரே கட்டுல கட்டினதை நம்ம எழுத்து எப்பவோ கட்டி வெச்சிருக்கு.

அவர் பேரு ராபர்ட் ரஸ்ஸல். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் ஊர்க்காரர். 1918-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போ கம்ப்யூட்டர் ஏது? அட்டையில எழுதி டிராயர்ல அடுக்குறதுக்குத்தான் இந்த விதி. இதுக்குப் பெரிய வேலை வந்தது 1930-கள்ல. 1935-ல அங்க சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து, வயசானவங்களுக்குப் பென்ஷன் கொடுக்கணும்னு முடிவாச்சு. ஆனா நிறையப் பேருக்குப் பிறந்த தேதிக்குச் சான்று இல்லை. எங்கே தேடுறது? 1880-ல எடுத்த ஜனத்தொகைக் கணக்குல அவங்க சின்னப் பிள்ளையா இருந்திருப்பாங்க. அந்தக் கணக்கை எடுத்த ஆள் காதுல விழுந்த மாதிரி பேரை எழுதிட்டுப் போயிருப்பார். அதனால 10 வயசு, அதுக்குக் கீழே குழந்தை இருந்த வீடுகளை எல்லாம் எடுத்து, குடும்பப் பேருக்கு சவுண்டெக்ஸ் நம்பர் போட்டு அட்டை எழுதினாங்க. ஒரு கிழவர் வந்து பேர் சொன்னா, அந்த நம்பர் இருக்கிற அட்டைக் கட்டை மட்டும் எடுத்து, அதுல அப்பா பேர், ஊர், வயசு எல்லாம் பார்த்து, "இதோ இருக்கீங்க"ன்னு எடுத்துக் கொடுக்கலாம்.

இதை நல்லா கவனிங்க. அந்த விதி ஆளைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கிறதுக்கு வந்தது. காகிதத்துல எழுத்து மாறிப்போச்சுன்னு ஒருத்தரோட பென்ஷன் போயிடக் கூடாதுன்னு வந்தது. கட்டை எடுத்துக் கொடுக்கிறதோட அதோட வேலை முடிஞ்சுது. இவர்தான் அவர்னு முடிவு பண்ணினது உக்காந்து பார்த்த மனுஷன்.

இப்போ என் நோட்டுக்கு வர்றேன். முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். எங்க ஊர்ப் பேரையே எத்தனை விதமா எழுதுறாங்கன்னு பாருங்க. 'பொடட்டூர்பெட்', 'பொடட்டுர்பேட்', 'பொதட்டூர்பேட்டை'ன்னு போர்டுக்கு ஒரு ஸ்பெல்லிங். எல்லாத்துக்கும் பி 336-னு ஒரே நம்பர்தான் வருது. திருத்தணியை டீ-டி மட்டும் போட்டு எழுதினாலும், எச் சேர்த்து எழுதினாலும் ஒரே நம்பர். முருகேசன்ல நடுவுல ஜி போட்டாலும் கே போட்டாலும் எம் 622. வேலாயுதத்துல எந்த டி போட்டாலும் ஒண்ணு. சுப்பிரமணியில எந்த பி போட்டாலும் ஒண்ணு. நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ எழுதின விதி எங்க ஊர்ப் பேருக்கு இவ்வளவு தூரம் வருதேன்னு ஆச்சரியமாத்தான் இருந்தது.

அப்புறம் ஏழுமலையைப் போட்டேன். இ, இசட்-எச் போட்டா இ 254. எல் போட்டா இ 454. ஒய், இசட்-எச் போட்டா ஒய் 254. ஒய், எல் போட்டா ஒய் 454. நாலு ஸ்பெல்லிங், நாலு நம்பர். நாலு ஆளுன்னு மெஷின் சொல்லிடும்.

தண்டபாணியை டாக்டர்-டி போட்டு ஆரம்பிக்கிறவங்களும் உண்டு, டீ-டி போட்டு எச் சேர்க்கிறவங்களும் உண்டு. பின்னாடி 531 ஒத்துப்போகுது, முதல் எழுத்து ஒத்துப்போகலை. அவ்வளவுதான், வேற ஆள். செல்லம்மாவை எஸ்-ல ஆரம்பிச்சா ஒரு ஆள், சி-எச்-ல ஆரம்பிச்சா வேற ஆள். லட்சுமியைக் கே-எஸ்-எச் போட்டு எழுதினாலும் எக்ஸ் போட்டு எழுதினாலும் எல் 250. ஆனா எங்க பக்கம் லட்சுமியை 'லெச்சுமி'ன்னுதான் கூப்பிடுவாங்க. அதை டி-சி-எச் போட்டு எழுதினா எல் 325. ஈஸ்வரியில டபிள்யூ போட்டா இ 260, வி போட்டா இ 216. அந்த விதியில டபிள்யூ காத்து மாதிரி, கணக்குல வராது. வி கணக்குல வரும். நமக்கு ரெண்டும் வ தான்.

இனிஷியலைச் சொல்லவே வேண்டாம். நம்ம பேருக்கு அப்பா எழுத்து முன்னாடி வரும். ஒரு இடத்துல முன்னாடி, ஒரு இடத்துல பின்னாடி, ஒரு இடத்துல விரிச்சு அப்பா பேரே முன்னாடி. முதல் எழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிற விதிக்கு இதைவிட மோசமான பேர் உலகத்துல கிடைக்காது.

எதிர்ப் பக்கமும் இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருந்தது. குப்பனுக்குக் கே 150. குப்பம்மாவுக்கும் கே 150. முனியனுக்கு எம் 550, முனியம்மாவுக்கும் எம் 550. எம்மும் என்னும் ஒரே கட்டுல இருக்கிறதால ஆம்பளை பேரும் பொம்பளை பேரும் ஒண்ணாயிடுது. முருகேசனுக்கு எம் 622-னு சொன்னேன் இல்லையா, மரிக்கொழுந்துக்கும் அதே எம் 622. எங்க மாவட்டம் திருவள்ளூருக்கு டீ-டி 614. திருவள்ளுவருக்கும் அதேதான், வேலூர்ப் பக்கத்துத் திருவலத்துக்கும் அதேதான். சிரிப்பா இருக்கு. ஆனா நில விஷயத்துல இது சிரிக்கிற சமாசாரம் இல்லை. குப்பன் நிலம் குப்பம்மா பேர்ல ஏறிப்போனா அந்த வழக்கு பேரன் காலம் வரைக்கும் ஓடும்.

ஆக, ஒரே விதி ஒரே ஆளை நாலு பேராப் பிரிக்குது. வேற வேற ஆளுங்களை ஒண்ணா சேர்க்குது. இதுக்கு ரஸ்ஸலைக் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. அவர் அவங்க ஊர்ப் பேருக்குப் போட்டார். அதை எடுத்து எங்க பேர் மேல அப்படியே போடுறதுதான் சரியில்லை. மைசீக்வெல் கையேட்டுலயே இது இங்கிலீஷுக்குத்தான் நல்லா வரும், ஏ-ல இருந்து இசட் வரைக்கும் இல்லாத எழுத்தை எல்லாம் உயிரெழுத்தா எண்ணும்னு எழுதியிருக்காம். உயிரெழுத்துன்னா தள்ளிவிடும்னு அர்த்தம். அப்போ தமிழ்லயே பேரை அடிச்சுத் தேடினா என்ன மிஞ்சும்? அக்கா பொண்ணுதான் படிச்சுக் காட்டுச்சு.

சரி, மத்தவங்க என்ன பண்ணினாங்க? கிழக்கு ஐரோப்பாவுல இருந்து போன யூதர்களுக்கும் இதே தொல்லை. மாஸ்கோவிட்ஸ்னு ஒரு பேர். டபிள்யூ போட்டு எழுதினா ஒரு நம்பர், வி போட்டு எழுதினா வேற நம்பர். நம்ம ஈஸ்வரி கதைதான். அவங்க உக்காந்து அழலை. கேரி மோகோடாஃப், ராண்டி டெய்ச்னு ரெண்டு பேர் 1985-ல தங்க சனத்தோட பேருக்கு ஏத்த மாதிரி தனி விதியே எழுதிட்டாங்க. வம்சாவளி தேடுறவங்க இன்னிக்கும் அதைப் பயன்படுத்துறாங்க. இங்கேயும் பக்கத்துக் கேரளாவுல சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்குன்னு ஒண்ணு எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு சும்மாவே கொடுத்திருக்கார். ஒரே சத்தம் தமிழ்ல இருந்தாலும் தெலுங்குல இருந்தாலும் மலையாளத்துல இருந்தாலும் ஒரே நம்பர் வர்ற மாதிரி.

இது எங்களுக்கு எவ்வளவு தேவைன்னு எங்க ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை எல்லாம் ஆந்திராவுல சித்தூர் மாவட்டமா இருந்தது. ம.பொ.சி. நடத்தின எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம், படாஸ்கர் கொடுத்த தீர்ப்புப்படி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. எங்க வீட்டு டிரங்குப் பெட்டியிலயே தாத்தா காலத்துப் பத்திரம் ஒண்ணு தெலுங்குல இருக்கு. தெலுங்குல ழ கிடையாது. ஏழுமலை அங்க ஏளுமலையோ ஏலுமலையோ ஆகியிருப்பார். அதைப் பார்த்துத் தமிழ்ல ஒருத்தர் எழுதினார். அந்தத் தமிழைப் பார்த்து இங்கிலீஷ்ல ஒருத்தர் அடிச்சார். மூணு பாஷை, மூணு காது, மூணு கை. இதைத் தாண்டி வந்த பேர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும்னு கேக்கிறது எந்த ஊர் நியாயம்?

பேர் ஒத்துப் போகலேன்னா இப்போ என்ன நடக்குது? திரையில சிவப்பா ஒரு வரி வரும். அவ்வளவுதான். எந்தப் பேர் எதோட ஒத்துப் போகலைன்னு சொல்லாது. "ஆதார்ல மாத்திட்டு வாங்க"ம்பாங்க ஒரு இடத்துல. ஆதார்ல மாத்தினா பேங்க்ல ஒத்துப் போகாது. "ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு எழுதி வாங்கிட்டு வாங்க"ம்பாங்க இன்னொரு இடத்துல. முத்திரைத்தாள், நோட்டரி, பஸ் சார்ஜ், ரெண்டு நாள் கூலி. தறி ஓட்டுறவங்களுக்கு ரெண்டு நாள் தறி நிக்கும். 2000 ரூபாய் தவணைக்கு இவ்வளவு அலையணுமான்னு பாதிப் பேர் விட்டுடுறாங்க. விட்டவங்க அதிகம் யார்னா கிழவிங்க. கட்டின வீட்டுல ஒரு பேர், பொறந்த வீட்டுல ஒரு பேர், ரேஷன் கார்டுல எழுதினவர் வெச்சது ஒரு பேர்னு இருக்கிறவங்க.

ஒண்ணு கேக்கறேன். 2020 ஜூன் மாசம் தமிழ்நாட்டு அரசாங்கமே 1018 ஊர்களோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஆணை வெளியிட்டுச்சு. கோயம்புத்தூருக்குப் போட்ட ஸ்பெல்லிங்கைப் பார்த்து ஊரே பேசிச்சு, ஞாபகம் இருக்கும். அதே மாசமே அதைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. பெரிய பெரிய அதிகாரிகளும் அறிஞர்களும் சேர்ந்து ஒரு ஊருக்கு ஸ்பெல்லிங் முடிவு பண்ண முடியலை. அதை நான் குறையா சொல்லலை. அது அவ்வளவு கஷ்டமான வேலை. அந்தக் கஷ்டமான வேலையை ஏழுமலை தனியா, தன் சொந்தக் காசுல, எல்லா ஆபீஸுக்கும் சேர்த்து முடிச்சுட்டு வரணும்னு சொல்றதைத்தான் ஒத்துக்க முடியலை.

உடனே ஒரு பதில் வரும். "பேரைக் கறாரா பார்க்கலேன்னா திருட்டுப் போகும்"னு. நியாயமான பயம்தான். ஆனா 2020-ல தமிழ்நாட்டுல பிஎம் கிசான்ல சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடு வெளியே வந்துச்சு. விவசாயியே இல்லாத லட்சக்கணக்கான பேர் பட்டியல்ல. அது ஸ்பெல்லிங் ஓட்டை வழியா போகலை. அதிகாரிகளோட லாகின், பாஸ்வேர்டை வெச்சுக்கிட்டு இடைத்தரகர்கள் பதிவு பண்ணினது. திருடறவன் பேரை ஒரு எழுத்துக்கூட மாறாம கொண்டு வருவான். அவனுக்கு அதுதான் தொழில். எழுத்து மாறி நிக்கிறவன்தான் பெரும்பாலும் நிஜமான ஆள்.

அப்போ என்ன பண்ணலாம்? எனக்குத் தோணினதைச் சொல்றேன். இதைப் படிக்கிறவங்கள்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. தப்பா இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க.

முதல் விஷயம், தமிழ்க் காதுக்கு ஒரு விதி வேணும். எல், இசட்-எச் ரெண்டும் ஒரே கட்டு, ஏன்னா ல, ள, ழ மூணையும் இங்கிலீஷ்ல கலந்துதான் எழுதுறோம். எங்க வடக்கத்திப் பேச்சுல 'பழம்' 'பயம்' ஆகுறது மாதிரி, ழ இருக்கிற இடத்துல ஒய் வந்தாலும் பார்க்கணும். வி, டபிள்யூ ஒரே கட்டு. பேர் ஆரம்பத்துல டி ரெண்டும் ஒண்ணு, ஜி-யும் கே-யும் ஒண்ணு, எஸ்ஸும் சி-எச்சும் ஒண்ணு. ஆரம்பத்துல ஏ, ஈ-க்கு முன்னாடி ஒய் வந்தா அதைத் தள்ளிடணும். கே-எஸ்-எச், எக்ஸ், டி-சி-எச் மூணும் லட்சுமியில வர்ற ஒரே சத்தம். கடைசி எழுத்தைத் தள்ளக் கூடாது. குப்பனா குப்பம்மாவாங்கிறது நமக்குக் கடைசியிலதான் தெரியும். இனிஷியலை முதல்லயே கழட்டித் தனியா வெச்சுடணும்.

ரெண்டாவது, பேர் மட்டும் பத்தாது. நாலு ஏழுமலையை எங்க ஊர் எப்படிப் பிரிக்குது தெரியுமா? கிணத்துமேட்டு ஏழுமலை, லாரி ஏழுமலை, தறிக்கார ஏழுமலை, இன்னாரு மருமகன் ஏழுமலை. பேரோட ஒரு இடமோ தொழிலோ உறவோ ஒட்டிக்கும். அதுல ரெண்டு பட்டாவுலயே இருக்கு. பட்டாவுல 'இன்னார் மகன் இன்னார்'னு அப்பா பேர் இருக்கும், சர்வே நம்பர் இருக்கும். மகன் பேரும் சத்தத்துல ஒத்து, அப்பா பேரும் சத்தத்துல ஒத்து, கிராமமும் ஒண்ணுன்னா, அதைவிட வேற என்ன வேணும்? முனியன், ஏழுமலை மாதிரி ஊர் பூரா இருக்கிற பேர் ஒத்துப்போறதுக்குக் கொஞ்சமா மார்க் போடுங்க. ஊர்ல ஒருத்தருக்கு மட்டும் இருக்கிற பேர் ஒத்துப்போனா நிறையப் போடுங்க. இது படிக்காத தபால்காரருக்குக்கூடத் தெரியும்னு சொல்ல வந்தேன், ஆனா எங்க தபால்காரர் நல்லா படிச்சவர்.

மூணாவதுதான் முக்கியம். இந்த மார்க்கை வெச்சு யாரையும் சேர்க்க வேண்டாம், யாரையும் நீக்கவும் வேண்டாம். மார்க் நல்லா வந்தா விஏஓ மேஜையில "இவரா பாருங்க"ன்னு பட்டியல் வரட்டும். மார்க் குறைவா வந்தாலும் அதே மேஜைக்குத்தான் வரணும், சிவப்பு வரியா எங்க மூஞ்சியில வரக் கூடாது. கிராமத்துல வெச்சு விசாரிச்சா பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். எங்களை அலைய விடாம அந்தப் பத்து நிமிஷத்தை அரசாங்கம் செலவு பண்ணணும்.

மனுஷன் பார்த்தா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லலை. 1980-ல எம்.ஜி.ஆர். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவியை எடுத்தாரு. அதுக்கு முன்னாடி ஊர்ல எந்த ஏழுமலை எவன்னு கர்ணத்துக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சதை வெச்சு யாருக்கு என்ன பண்ணினாங்கங்கிறதும் ஊருக்குத் தெரியும். அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகணும்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதனால விஏஓ என்ன முடிவு பண்ணினார், ஏன்னு ஒரு வரி எழுதணும். எந்தப் பேர் எந்தப் பேரோட ஒத்துப் போகலைன்னு எங்களுக்கும் ஒரு சீட்டு கொடுக்கணும். அது தெரிஞ்சா மேல எங்கே போய்க் கேக்கணும்னு எங்களுக்குத் தெரியும்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கும் இது வராமல் இருக்காது. பாஸ்போர்ட்டுல ஒரு இனிஷியல், பான் கார்டுல விரிச்ச பேர், அப்பாவோட பழைய பத்திரத்துல வேற ஒண்ணு. ஊர்ல இருக்கிற பூர்வீக நிலத்துக்கு வாரிசா பேர் மாத்தப் போகும்போது தெரியும். உங்க அப்பா பேர், தாத்தா பேர் எந்தெந்தக் காகிதத்துல எப்படி இருக்குன்னு லீவுக்கு வரும்போது ஒரு தடவை எடுத்து வெச்சுப் பாருங்க. பெரியவங்க இருக்கும்போதே அவங்க கூப்பிடுற பேர், அழைப்புப் பேர், 'என்கிற' பேர் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்குங்க.

பேர் தேடுற ப்ரோகிராம் எழுதுறவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். சும்மா வருதேன்னு அந்த இங்கிலீஷ் விதியை அப்படியே போட்டுடாதீங்க. போடுறதுக்கு முன்னாடி ஏழுமலை, தண்டபாணி, செல்லம்மா, லெச்சுமி, ஈஸ்வரி, குப்பன், குப்பம்மான்னு ஏழு பேரைக் கொடுத்து ஓட்டிப் பாருங்க. பேர் வேணும்னா இன்னும் ரெண்டு பக்கம் என் நோட்டுல இருக்கு, அனுப்பி வைக்கிறேன்.